ஓவிய ஆசிரியர் மாநாட்டுக்குச் சொந்தப் பணம் கட்டிப் போகலாமா?

கோத்தகிரிப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றும் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: உதகையில் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் காட்சிக்கலை ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் பணித்திறன் மேம்பாட்டு மாநாடு நடக்கவிருக்கிறது, கட்டணம் 3,500 ரூபாய், பள்ளி தராது, கைப்பணத்தைத்தான் போட வேண்டும், சான்றிதழ் உண்டு என்கிறார்கள், போவதில் பயன் இருக்கிறதா? சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்றே எனக்குப் படுகிறது. வாரத்துக்கு மூன்று அரைநாள் மட்டுமே பள்ளியில் இருக்கும் ஒருவருக்கு, பாதிப் பிள்ளைகளிடம் வண்ணப்பெட்டியே இல்லாத ஒரு வகுப்பில், அந்த இரண்டு நாள் எதையாவது மாற்றித் தருமா என்பதே அவருடைய கேள்வி. பழனி மலைப் பகுதியில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு இப்படிப்பட்ட மாநாடுகள் சிலவற்றில் கருத்தாளராகவும் கலந்துகொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் ஓவியச் சிறப்பாசிரியர் பணிக்குத் தகுதியாகக் கேட்கப்படுவன அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவுச் சான்றிதழும், தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும், அவற்றுக்கு இணையான பட்டம் பட்டயங்களுமே. தனியார் அமைப்பு நடத்தும் மாநாட்டின் சான்றிதழ் இவற்றில் எதற்கும் ஈடாகாது. உங்கள் ஊதியத்தையும் அது உயர்த்தாது. சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களின் நிலை சற்று வேறு. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாட்டை எதிர்பார்ப்பதால், அவர்களுக்கு மணிக் கணக்கு தேவைப்படுகிறது. அவர்களும்கூட, எந்த அமைப்பு நடத்தும் மணி நேரம் கணக்கில் சேரும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே சான்றிதழுக்காகப் போகத் தேவையில்லை என்று உறுதியாகவே சொல்லலாம்.

அடுத்து, இரண்டு நாள் பயிற்சியால் வகுப்பறை மாறுமா என்ற கேள்வி. இதில் ஓரளவு நம்பத்தக்க சான்று இருக்கிறது, ஆனால் அது நம் பாடத்தைப் பற்றியதன்று. 2007-இல் அமெரிக்காவில் யூன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆசிரியர் பயிற்சி குறித்த 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, முறைமையில் தேறியவை ஒன்பது மட்டுமே. அந்த ஒன்பதில், 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகள் மாணவர் கற்றலில் தெளிவான பலனைக் காட்டின. அதற்குக் குறைந்தவை காட்டவில்லை. ஆனால் அவை தொடக்கப் பள்ளி நிலையில் மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றைப் பற்றியவை. ஓவிய வகுப்பில் எது கற்றல், அதை எப்படி அளப்பது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது, அந்த 14 மணி நேரத்தை அப்படியே எடுத்து நம் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் மாநாடு என்றால் காகிதத்தில் 12 மணி நேரம். அதில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, தேநீர், குழுப் படம் எல்லாம் போக, கையில் தூரிகையோ பென்சிலோ இருக்கும் நேரம் ஏழு மணியைத் தாண்டினால் அதிகம். அந்த ஏழு மணி நேரத்தில் புதிய கலைத்திறன் எதுவும் கைக்கு வந்துவிடாது. புதிதாக ஒரு உத்தியைக் கற்பதற்காகவே போவதென்றால், வீட்டில் உட்கார்ந்து நல்ல காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே மலிவு.

அப்படியானால் மாநாடு எதற்கு? என் அனுபவத்தில் ஒன்றுக்குத்தான் அது ஈடு இணையற்றது: இன்னொரு ஓவிய ஆசிரியரின் மாணவர்கள் வரைந்த தாள்களை, அந்த ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்ப்பதற்கு. கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியாது, ஏனென்றால் அவர்களுக்குப் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ துணை இருக்கும். நம் நிலை அப்படியன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 மாணவருக்கு மேல் இருக்கும் பள்ளிக்குத்தான் பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்டோர் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். மலையில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் பல. ஆகவே ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரம். கலைத் திருவிழாவில் சந்திக்கிறோமே என்பீர்கள். அங்கே நாம் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். வருகைப் பதிவுக்கும் சாப்பாட்டுக்கும் அலைவதிலேயே பொழுது போய்விடும். அங்கே கண்ணில் படுவதும் பள்ளிக்கு ஒன்றிரண்டு பொறுக்கி எடுத்த படங்களே தவிர, வகுப்பின் உண்மையான நிலை அன்று.

இதன் பயன் என்னவென்று ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஒரு மாநாட்டில் நாங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பிலான தாள்களைப் பொறுக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கூடலூர், குன்னூர், கொடைக்கானல், பெருமாள்மலை எனப் பல இடங்களிலிருந்தும், சமவெளியிலிருந்தும் வந்த தாள்களைச் சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பரப்பியபோது, பெரும்பாலானவற்றில் ஒரே படம் இருந்தது: இரண்டு முக்கோண மலை, நடுவே அரைவட்டச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை. நீலகிரியின் மேற்பகுதி பீடபூமி. அங்கே கண்ணுக்குத் தெரிவன உருண்டு திரண்ட குன்றுகளும், சரிவெங்கும் சீப்பால் வாரியதுபோல் தேயிலை வரிசைகளுமே. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாகூட முக்கோணமாக இல்லை. உதகையின் குளிரில் தென்னை வளர்வதும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் பிள்ளையும், மலையையே பார்த்திராத திருவாரூர்ப் பிள்ளையும் ஒரே மலையை வரைகிறார்கள் என்பதைத் தன் வகுப்புத் தாளை மட்டும் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்த விவாதமே அந்த மாநாட்டின் உயிர். கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வகுத்த வளர்ச்சிப் பருவங்களின்படி, ஏழு முதல் ஒன்பது வயதில் குழந்தை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியை உருவாக்கி அதையே திரும்பத் திரும்ப வரைவது இயல்பு. அப்படிப் பார்த்தால் இரண்டாம் வகுப்பு மாணவியின் முக்கோண மலையைத் தொட வேண்டியதில்லை. ஆனால் 1970-களில் கலைக் கல்வி ஆய்வாளர்களான வில்சன் தம்பதியர் வேறு விதமாக வாதிட்டார்கள்: பிள்ளைகள் வரைவது பெரும்பாலும் தாம் பார்த்த பிற படங்களிலிருந்தே வருகிறது, உள்ளிருந்து தானாக முளைப்பதன்று என்றார்கள். எது முழு உண்மை என்பது இன்னும் தீராத வழக்கு. எனக்கு இரண்டாவது பக்கமே சாய்வு அதிகம், ஏனென்றால் அந்தத் தென்னைக்கு வேறு விளக்கம் இல்லை. கூட்டத்திலிருந்த ஒருவர், தம் வகுப்பில் ‘மலை’ என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, “வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியில் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, அந்த இடத்தை வரை” என்று கேட்டதாகச் சொன்னார். அந்தத் தாள்களில் ஒரு முக்கோணம்கூட இல்லை. படிக்கட்டு இருந்தது, தடுப்புச் சுவர் இருந்தது, தேயிலை மூட்டைக்காக நிற்கும் வண்டி இருந்தது. அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு போனவர்களுக்குக் கட்டணம் அன்றே ஈடாகிவிட்டது.

ஆகவே அமைப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாணவர் தாள்களைப் பார்க்கும் அமர்வு இருக்கிறதா என்பது. இல்லையென்றாலும் உங்கள் வகுப்பின் தாள்களை, நல்லது கெட்டது பாராமல், ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போங்கள். தேநீர் வேளையில் இரண்டு பேர் பார்த்தாலே போதும். அடுத்து, அமர்வு நடத்துபவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரா, அல்லது ஓவியராக மட்டும் புகழ்பெற்றவரா என்று விசாரியுங்கள். பெரிய ஓவியர் மேடையில் அரை மணி நேரத்தில் உருவப்படம் வரைந்து கைதட்டல் வாங்குவது பார்க்க இன்பம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் உங்கள் எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் செல்ல எதுவும் இருக்காது. பிசின் கலை (ரெசின் ஆர்ட்), திரவ வண்ணக் கலை போன்ற அமர்வுகள் பெரும்பாலும் பொருள் விற்பனையோடு சேர்ந்து வருபவை. அங்கே கற்கும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருக்கும், அரசுப் பள்ளியில் அது நடவாது. நிகழ்ச்சி நிரலில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால் 3,500 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் நடப்பதால் உள்ளூர்க் கலை அமர்வு ஒன்று எப்படியும் இருக்கும். தோடர் பழங்குடியினரின் பூவேலையாக இருந்தால் தவறவிடாதீர்கள், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல். துணியில் முன்கூட்டிக் கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. முடிந்த பிறகு பார்ப்பவர் அதைத் தறியில் நெய்தது என்றே நினைப்பார். இதிலிருந்து வகுப்புக்கு எடுத்துச் செல்லத்தக்கது அந்த உருவங்கள் அல்ல, எண்ணும் முறை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஓர் இழை என்று வைத்து, சிவப்பு, கறுப்பு இரண்டே பேனாவில், தன் வீட்டுப் பொருள் ஒன்றை நேர்க்கோடும் சாய்கோடுமாகச் சுருக்கி, அதைத் திரும்பத் திரும்ப வரும் கரையாக அமைக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டம் பிசகினால் கரை முழுதும் சாய்ந்துபோவதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். கணித ஆசிரியரும் எட்டிப் பார்ப்பார். செலவு ஒன்றும் இல்லை.

ஆலு குறும்பர் பழங்குடியினரின் ஓவியத்தில் இன்னும் சற்றுக் கவனம் தேவை. வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு ஆகியவற்றால் சுவரில் வரையப்பட்டு வந்த அந்த மரபு சடங்கோடும், அதற்குரிய குடும்பங்களோடும் பிணைந்தது. இப்போது தாளிலும் துணியிலும் வரைந்து விற்கிறார்கள், அது அவர்களுக்கு வருமானம். மாநாட்டில் அந்தச் சமூகத்துக் கலைஞரே வந்து, மற்றக் கருத்தாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு கற்பித்தால் அது நல்ல அமர்வு. வெளியிலிருந்து வந்த ஒருவர் நான்கு குச்சி மனிதர்களைப் பலகையில் போட்டு, “இதுதான் குறும்பர் பாணி, இனி வகுப்பில் வரையுங்கள்” என்றால் எழுந்து கேள்வி கேட்பது உங்கள் கடமை. பாறை ஓவியங்களைப் பார்க்கக் கூட்டமாக அழைத்துச் செல்கிறோம் என்று யாராவது சொன்னாலும் தயங்குங்கள். கரிக்கியூர் போன்ற இடங்களில் வந்து போனவர்களின் கீறல்களே பெருஞ்சேதம் செய்திருக்கின்றன. அரை நாள் கிடைத்தால் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய், ஒரு பொருளின் முன் உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள். எங்கள் பக்கம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இதே வகையில் எனக்கு உதவியிருக்கிறது. பாடம் செய்து வைத்த, அசையாத பறவையை வரைவது போல் நல்ல பயிற்சி கிடையாது.

மலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடினால் மட்டுமே பேசக் கிடைக்கும் இன்னொரு பொருள், ஈரம். பயிற்சிக் கையேடுகள் எல்லாம் சமவெளி வெயிலில் எழுதப்பட்டவை. நம் ஊரில் ஆடி மாதத்தில் முதல் பூச்சு காய்வதற்குள் பாடவேளை முடிந்துவிடும். அதன்மேல் அடுத்த வண்ணம் வைத்தால் கலங்கிப்போகும். தாளை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போஸ்டர் கலர் புட்டியில் பூஞ்சை பிடிக்கும். மார்கழிக் குளிரில் மெழுகுக் கிரேயான் இறுகித் தாளில் வெறுமனே வழுக்கும், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகே நிறம் விடும். எனவே மழைக் காலத்துக்கு விறகுக்கரி, பென்சில், காகித ஒட்டு வேலை, வெயில் மாதங்களுக்கு நீர்வண்ணம் என்று ஆண்டுத் திட்டத்தையே மாற்றி அமைத்தவர்கள் இருக்கிறார்கள். குன்னூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவரிடம் நான் கற்றது தேயிலைச் சாயம்: மட்டமான தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து வடிகட்டினால் நல்ல பழுப்பு, துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த தண்ணீரை அதில் சில சொட்டு விட்டால் கருஞ்சாம்பலாக மாறும். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. பழங்காலத்து இரும்பு மையும் இதே வினையால் ஆனதுதான். ஒரே தூளில் இரண்டு நிறம், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய பொருள். ஆனால் அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும், வைத்திருந்தால் பூஞ்சை. வெயில் படும் சுவரில் மாட்டினால் பழுப்பு வெளிறும்.

போக்குவரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோத்தகிரியிலிருந்து உதகைக்கு முப்பது கிலோமீட்டர் அளவுதான், அரசுப் பேருந்தில் வருபவருக்கும் உள்ளூர் வண்டிக்கும் இ-பாஸ் கெடுபிடியும் இல்லை. ஆனால் மாநாடு மே மாதத்தில் என்றால் இரவு தங்க நினைக்காதீர்கள், மலர்க் கண்காட்சி நாட்களில் அறை வாடகை மாநாட்டுக் கட்டணத்தையே மிஞ்சும். பகுதிநேர ஆசிரியர் என்பதால் உங்கள் அரைநாள்கள் எவை என்று பார்த்து, மோதினால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்பார்கள், பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கும்.

கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைத்து ஒன்றைச் சொல்கிறேன். தனியார் பள்ளி வளாகங்களில் நடக்கும் மாநாடுகளில் மேடை மொழி பெரும்பாலும் ஆங்கிலம். விலையுயர்ந்த தாளும் களிமண் சூளையும் உள்ள பள்ளிகளிலிருந்து வருபவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. வண்ணப்பெட்டி இல்லாத வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்பது அங்கே வேறு எவரும் சொல்ல முடியாத செய்தி. பத்து நிமிடம் பகிர்ந்துகொள்ள வாய்ப்புத் தர முடியுமா என்று அமைப்பாளருக்கு முன்பே எழுதிக் கேட்டால், கட்டணத்தில் சலுகை கிடைக்கவும் இடமுண்டு. அமர்வு வழங்குவோருக்குக் கட்டணத்தைக் குறைப்பது பல மாநாடுகளில் வழக்கம்.

என் முடிவு இது: தாள்களைப் பார்க்கும் அமர்வும், பள்ளி ஆசிரியர்களே நடத்தும் அமர்வுகளும் இருந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். போனால், அங்கே நீலகிரிக்குள்ளேயே பணியாற்றும் மூன்று நான்கு பேரைப் பிடித்துவைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வட்டார வள மையத்திலோ யாராவது ஒருவர் பள்ளியிலோ ஒரு சனிக்கிழமை மதியம் சந்தித்து, அந்த மாதத்துத் தாள்களைப் பரப்பிப் பாருங்கள். நீண்ட காலப் பயிற்சியே பலன் தரும் என்று முன்பு சொன்ன ஆய்வு நம் பாடத்துக்கும் பொருந்துமானால், அது இப்படித்தான் பொருந்தும். போக முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. 1979 முதல் டெல்லியிலிருந்து இயங்கும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் பணியிலுள்ள ஆசிரியர்களுக்குக் கலை சார்ந்த பயிற்சிகளை நடத்துகிறது. அதற்குக் கல்வித் துறையின் பரிந்துரை வழியாகத்தான் போக வேண்டும், ஆனால் நீங்கள் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியிருக்காது. பகுதிநேர ஆசிரியரைப் பரிந்துரைக்கத் துறை ஒப்புமா என்பது அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பொறுத்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இப்போதே ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.